நெல்டா ராபிசன் சொன்ன சாட்சி

ஆல்மா ஃபோர்க்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் நெல்டா ராபிசனுக்கு மனிதர்களையே பிடிக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. எந்நேரமும் புன்னகைத்துக்கொண்டிருப்பவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. ஆல்மா ஃபோர்க்கில் எல்லாருமே எந்நேரமும் புன்னகைப்பவர்கள். அதனால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தது.

அறுபத்தொரு வயது. அந்த யூட்டா பள்ளத்தாக்கிலேயே பிறந்தவள். எட்டு வயதில் மார்மன் சபையில் ஞானஸ்நானம், இருபதில் கிராண்ட் ராபிசனோடு மார்மன் கோயிலில் திருமணம், ஒரே மகள். அந்த மகள் வளர்ந்ததும் ஐடஹோவுக்கு ஓடிப்போய் அங்கே நிம்மதியாக இருந்தாள். கிராண்ட் வார்டில், அதாவது ஊர் மார்மன் சபையில், பெரிய ஆள். எல்லாக் கமிட்டியிலும் இருப்பான், எல்லாச் சாவுக்கும் நாற்காலி தூக்குவான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ப்ரோவோ நகரத்தில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறைப் பெண்ணோடு தொடுப்பு இருப்பது தெரியவந்தது. அவன் வார்டை நடத்தும் பிஷப்பிடம் போய் அழுதான். சில மாதம் கழித்து மேடையேறி எல்லார் முன்னாலும் அழுதான். என்ன அழுகை அது! முன்வரிசைப் பெண்களெல்லாம் கூடச் சேர்ந்து கைக்குட்டையை நனைத்தார்கள். நெல்டா மட்டும் அழவில்லை. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும் அழவில்லை. அழுதவன் மனந்திரும்பிய மகன் ஆனான். அழாதவள் கல்நெஞ்சக்காரி ஆனாள். அவன் மேடையில் அழுத ஞாயிற்றுக்கிழமையோடு அவள் வார்டுக்குப் போவதை நிறுத்தினாள். மார்மன்களுக்குக் காபி விலக்கு; மறுநாளே பெட்ரோல் பங்கில் ஒரு பெரிய காபி வாங்கி, பஸ் ஸ்டீயரிங் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள்.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் அலபாமாவிலிருந்து வந்த பாஸ்டர் லாண்டன் ஹாகுட் விழுந்தான்.

முப்பத்து நாலு வயது. வெட்டி விட்ட தாடி, இறுக்கமான பேண்ட், முன்கையில் ஏதோ எபிரேய எழுத்துப் பச்சை. மனைவி மேரிபெத், நாலு பிள்ளைகள். மூடிக் கிடந்த பழைய தீவனக் கடையைப் பிடித்து, சுவருக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, நீல விளக்குப் போட்டு, வாசலில் 'புதிய ஊற்று சபை' என்று பலகை மாட்டினான். உள்ளே என்ன செய்தும் கோழித்தீவன நாற்றம் மட்டும் போகவில்லை. "இந்தப் பள்ளத்தாக்குல சபை நாட்டுறதுக்கு ஆண்டவர் எங்களை அழைச்சிருக்கார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவன் கணக்கில் மார்மன்கள் கிறிஸ்தவர்களே இல்லை. நூற்றைம்பது வருஷமாக அந்த ஊரில் சபையைத் தவிர வேறொன்றும் முளைத்ததில்லை என்பது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

வந்த முதல் வாரமே வார்டுப் பெண்கள் ஒன்பது ரொட்டியும் இரண்டு தட்டு பச்சை ஜெல்லியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாயெல்லாம் பல். ஹாகுட் குடும்பமும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டது. மறுநாள் காலை அந்தத் தெருவில் பஸ்ஸைத் திருப்பும்போது, குப்பைத் தொட்டியின் மூடி மூடாமல் ஒன்பது ரொட்டியும் துருத்திக்கொண்டு நிற்பதை நெல்டா பார்த்தாள்.

"பயந்தாங்கொள்ளிங்க. ரொட்டியில பேய் ஒட்டிக்கிட்டிருக்கும்னு பயம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் லாண்டனும் மேரிபெத்தும் வார்டுக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கை இரண்டையும் உயர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்து, அந்தகார சக்திகளைக் கட்டினார்களாம். ஏழு சுற்று. மூன்றாவது வாரம் பிஷப்பின் மனைவி ஒரு ஜக் எலுமிச்சைச் சாற்றோடு வெளியே வந்தாள்.

"ஏதாவது தொலைச்சிட்டீங்களா? தேடறதுக்குப் பிள்ளைங்களை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் நிஜமாகவே கேட்டாளா, நக்கலாகக் கேட்டாளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களிடம் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நெல்டாவுக்கு அதுதான் எரிச்சல்.

நெல்டா புதிய ஊற்றுக்குப் போனது காபிக்காக. ஞாயிறு காலையில் பெட்ரோல் பங்கும் பூட்டிவிடும். தீவனக் கடை வாசலில் மட்டும் நல்ல காபி, வேண்டிய அளவு. ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்காருவாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊரே ஒரு பக்கம் போய்விட, காலித் தெருவைப் பார்த்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் தனியாக உட்கார்ந்திருந்தவள் அவள். ஆனால் அதை அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் பஸ்ஸை மேலே ஏற்றியிருப்பாள்.

சபை என்று சொல்ல அங்கே என்ன இருந்தது? ஹாகுட் குடும்பம் ஆறு பேர். கேஸ் குழாய் வேலைக்கு வந்த ஒக்லஹோமாக்காரன் ஒருவன். அவனும் குழாய் முடிந்ததும் போய்விட்டான். அப்புறம் வான்கோழி ஆலையில் வேலை செய்யும் குவாத்தமாலாக்காரர்கள். ஃபாபியான், அவன் மனைவி எடெல்மிரா, அவர்களோடு ஏழெட்டுப் பேர். எடெல்மிராவின் இரண்டு பெண்களும் நெல்டாவின் பஸ்ஸில்தான் வருவார்கள். ஆங்கிலப் பாட்டில் பாதி புரியாவிட்டாலும் அந்தக் கூட்டம் கூரை கிழியப் பாடும். லாண்டன் பிரசங்கம் பண்ணும்போது அவர்கள் தலைக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். எந்த மார்மனாவது வழி தவறி உள்ளே வருகிறானா என்று.

ஒருநாள் நெல்டா கேட்டுவிட்டாள். "ஏன் தம்பி, இவங்களுக்கு ஸ்பானிஷ்ல யாரையாவது வெச்சுப் பேசச் சொல்லக் கூடாதா? வர்றவங்களே இவங்கதானே?"

லாண்டன் அவள் தோளில் கை வைத்தான். தெற்கத்திக்காரர்களுக்குத் தொடாமல் பேச வராது. "நெல்டாம்மா, அவங்க அருமையான ஜனங்க. ஆனா அவங்களுக்கு வேற ஊழியங்கள் இருக்கு. எங்களுக்கு ஆண்டவர் குடுத்த தரிசனம் மார்மன் ஜனங்கதான். உங்களை மாதிரி ஆத்துமாக்கள்."

"என் ஆத்துமாவை விடு. கையை எடு."

அவன் சிரித்தான். திட்டினாலும் சிரிப்பான். பள்ளத்தாக்குக்கு ஏற்ற ஆள்தான் என்று நெல்டா நினைத்துக்கொண்டாள். பலகை மட்டும்தான் வேறே.

ஜூன் மாதத்தில் காட்டன்வுட் மரங்கள் பஞ்சு விடும். ஊரே வெள்ளையாகும்; நெல்டாவின் கண் சிவப்பாகும். ஒரு ஞாயிறு லாண்டன், சொத்தை அழித்துப் பன்றி மேய்த்துவிட்டு அப்பனிடம் திரும்பிவந்த கெட்ட குமாரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்கு மூக்கிலும் கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டியது. கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்க முட்டி போட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தபோது லாண்டன் மேடையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாடு பிடிக்கிறவன் மாட்டைப் பார்ப்பதுபோல. அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலையில் முன்னோடிகள் தினம். மலையைத் தாண்டி வண்டியில் வந்த பாட்டன்மார்களுக்காக ஊர் கொண்டாடும் நாள். அந்த வாரம் பார்த்து அலபாமாவிலிருந்து லாண்டனைத் தாங்குகிற சபையார் இருபத்திரண்டு பேர் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். சட்டையில் 'யூட்டாவுக்கு வெளிச்சம்' என்று எழுதியிருந்தது. நாற்பது டிகிரி வெயில். வெளிச்சத்துக்கு அந்த ஊரில் என்ன குறைச்சல்?

ஞாயிறு காலை நெல்டா காபிக் கோப்பையோடு திரும்பும்போது டார்லா என்ற ஒரு குண்டுப் பெண்மணி அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே நெல்டா? பார்த்த உடனே தெரிஞ்சுது! உங்களுக்காக எங்க பெண்கள் ஐக்கியம் முழுசும் மூணு வாரம் உபவாசம் இருந்தோம் தெரியுமா?"

"எனக்காகவா? எதுக்கு?"

"அய்யோ, உங்க கதையைப் படிச்சு நான் எப்படி அழுதேன்!" டார்லா பைபிளுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தாள். லாண்டன் மாதாமாதம் அலபாமாவுக்கு அனுப்பும் ஜெபக் கடிதம். அதில் நெல்டாவின் படம். முட்டி போட்டு, முகம் சிவந்து, கண்ணீர் வழிய. மேரிபெத் பக்கவாட்டிலிருந்து எடுத்திருக்கிறாள்.

நெல்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே படித்தாள். நெல்டா என்ற ஏழை வயதான பெண், அறுபது ஆண்டு அந்தகாரத்தின் அடிமை. ஊராரால் ஒதுக்கப்பட்டு, யாரும் ஒரு வார்த்தை பேசாமல், பசியிலும் கிடந்தவள். கெட்ட குமாரனின் கதையை வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கேட்டு, முழங்காலில் விழுந்து, "பாஸ்டர், இந்த இயேசுவை எனக்கு ஏன் யாரும் சொல்லவே இல்லை?" என்று கதறினாள். இந்தப் பள்ளத்தாக்கின் முதற்கனி.

கெட்ட குமாரன் கதையை அவள் மூன்று வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். ஏழு வயதில் ஒரு நாடகத்தில் அந்தப் பன்றியாகவே நடித்திருக்கிறாள்.

ஆனால் அவளைச் சுட்டது பொய்யல்ல, கண்ணீர். கிராண்ட் அழுததற்காக ஊர் அவனைத் தூக்கி வைத்தது, அழாததற்காக அவளைக் கீழே போட்டது. போகட்டும், அந்த அழாத கண் ஒன்றாவது தன்னுடையது என்று பத்தொன்பது வருஷம் பிடித்து வைத்திருந்தாள். அதை இந்தப் பயல் மரப்பஞ்சைக் காட்டி அலபாமாவுக்கு ஏற்றுமதி பண்ணிவிட்டான். தாளை மடித்து டார்லாவிடமே கொடுத்தாள். போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். போகலாம் என்றுதான் நினைத்தாள். கோப்பையில் இன்னும் பாதிக் காபி இருந்தது.

பாட்டு முடிந்ததும் லாண்டன் மைக்கை எடுத்தான். "இன்னிக்கு ஒரு விசேஷம். உங்கள்ள பலபேர் யாருக்காக ஜெபிச்சீங்களோ அந்தத் தாயார் இங்கேயே இருக்காங்க. நெல்டாம்மா, முன்னால வந்து ரெண்டு வார்த்தை உங்க சாட்சியைச் சொல்லணும். கூச்சப்படாதீங்க."

இருபத்திரண்டு சட்டையும் திரும்பிக் கைதட்டின.

நாலு வயதில் மார்மன் மேடையில் ஏற்றிவிட்டு, அம்மா காதில் சொல்லச் சொல்ல, "இந்தச் சபை உண்மையானதுன்னு எனக்குத் தெரியும்" என்று மைக்கில் ஒப்பித்தவள் அவள். மேடைக்கு இழுத்து வாயில் வார்த்தையைத் திணிப்பது என்னவென்று அவளுக்குப் பாடமே உண்டு. எழுந்து போனாள். மைக்கை வாங்கினாள்.

"என் பேர் நெல்டா ராபிசன். பஸ் ஓட்டுறேன். இங்க காபி நல்லா இருக்கும், அதுக்காக வர்றேன். முதற்கனியும் இல்ல, கடைசிக்கனியும் இல்ல."

சிலர் சிரித்தார்கள். ஏதோ பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

"கடுதாசியில நான் அழறேன்னு போட்டிருக்கு. அது காட்டன்வுட் பஞ்சு. வருஷா வருஷம் வரும். வேணும்னா வெளியில போய் மரத்துக்கு உபவாசம் இருங்க. இயேசுவை எனக்கு யாரும் சொல்லலைன்னு போட்டிருக்கு. இந்த ஊர்ல காது செவிடாகுற வரைக்கும் சொல்லுவாங்க தம்பி, நீ கேட்டிருந்தா உனக்கும் சொல்லியிருப்பாங்க."

"நெல்டாம்மா…" என்று லாண்டன் கை நீட்டினான். அவள் மைக்கை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"நான் பசியில கிடந்தேனாம். இந்த உடம்பைப் பார்த்தா அப்படியா தெரியுது? எனக்கு அந்த வார்டுக்காரங்களைப் பிடிக்காது. அவங்க சிரிப்பைக் கண்டாலே எனக்கு வயித்தைப் புரட்டும். ஆனா எனக்குக் கால் உடைஞ்ச குளிர்காலம், க்வின் ஆல்ரெட்னு ஒரு வான்கோழிப் பண்ணைக்காரன், முறை வந்து இப்ப பிஷப், தினம் காலையில வந்து என் வாசல் பனியை வாரிட்டுப் போனான். மூணு மாசம். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடுவேன். ஒருநாள்கூட ஒரு நன்றி சொல்லல. அவன் சீட்டியடிக்கிறது எனக்குப் பிடிக்காது. ஆனா அவன் வாரினான். அதை மறைச்சுட்டு இருட்டு இருட்டுன்னு எழுதினா, எழுதினவனுக்குத்தான் கண்ணு தெரியல."

ஃபாபியானின் கூட்டத்தைக் காட்டினாள். "நிஜமா ஜெபம் பண்றவங்க அந்த வரிசையில உட்கார்ந்திருக்காங்க. ஒன்றரை வருஷமா வர்றாங்க. அவங்க படம் ஒண்ணுகூட உங்க கடுதாசியில வந்துச்சா? வராது. ஏன்னா அவங்க மார்மன் இல்ல. வலையில சிக்கின மீனை விட்டுட்டு சிக்காத மீனைப் போட்டோ எடுக்குறான் இவன்."

மைக்கை நாற்காலியில் வைத்தாள். லாண்டன் முகம் செங்கல் நிறமாகியிருந்தது. ஆனால் பயல் விட்டானா? தாழ்ந்த குரலில், "பிரியமானவங்களே, எதிரி எப்படிப் போராடுறான்னு நம்ம கண்ணாலயே பார்க்கறோம். இந்தத் தாயாருக்காகக் கை நீட்டுவோம்" என்றான். இருபத்திரண்டு கையும் அவளை நோக்கி நீண்டன. டார்லா நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். நெல்டா அந்தக் கைகளுக்கு நடுவே புகுந்து, எதிர்ப்பட்ட ஒன்றைத் தட்டிவிட்டு, வெளியே வந்தாள்.

ஊருக்குச் செய்தி போக எத்தனை நேரம்? செவ்வாய்க்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. பிஷப் க்வின் ஆல்ரெட். கையில் இன்னும் சூடு ஆறாத, சுக்கினிக்காய் துருவிப்போட்ட ரொட்டி. அவனும் அவளும் ஒரே வகுப்பு. அவன் பிஷப் ஆனதிலிருந்து 'நீங்க' என்பான், அவள் அன்றைக்கும் இன்றைக்கும் 'நீ'தான்.

"சிஸ்டர் நெல்டா, ஞாயித்துக்கிழமை நீங்க பேசினதைக் கேள்விப்பட்டோம். எங்க மனசெல்லாம் உருகிடுச்சு."

"என்னத்துக்கு உருகுது?"

"அத்தனை பேர் முன்னால எங்களுக்காக எழுந்து நின்னிருக்கீங்களே. ஆவியானவர் உங்களை எப்பவும் விட்டுப் போகலைன்னு தெரிஞ்சுது."

"க்வின், நான் உனக்காக நிக்கல. பொய் சொல்லாம நின்னேன். அது வேற, இது வேற."

அவன் கேட்டமாதிரியே தெரியவில்லை. "ஆகஸ்ட் முதல் ஞாயிறு சாட்சிக் கூட்டம் இருக்கு. நீங்க வந்து அதே வார்த்தையை நம்ம மேடையில சொன்னா, ஜனங்களுக்கு, இளையவங்களுக்கு, எவ்வளவு பிரயோஜனம்…"

"கிராண்ட் இருப்பானா?"

"இருப்பார். முன்வரிசையில. அவரும் உங்களுக்காக ரொம்ப நாளா…"

"அழுவானா?"

க்வின் ரொட்டியைக் கை மாற்றிப் பிடித்தான். "அவர் மனசு இளகின மனுஷர்தான்."

நெல்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒருத்தன் அவளைப் படமெடுத்து அனுப்பினான். இன்னொருத்தன் வீடு தேடி வந்து மேடைக்குக் கூப்பிடுகிறான். இருவருக்கும் தேவைப்பட்டது முழங்காலில் விழுந்த ஒரு கிழவி. "பனி வாரினே, அதுக்கு நன்றி. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்லிட்டேன், முடிஞ்சுது. மேடைக்கு வேற யாரையாவது பாரு" என்றாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ரொட்டி என்ன பாவம் பண்ணியது? மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டாள்.

லாண்டன் அடுத்த பிப்ரவரிவரை இழுத்தான். புதிதாக ஒரு மார்மன்கூட உள்ளே வரவில்லை. கடைசிக் கடிதத்தில், கடினமான நிலத்தில் விதை விதைத்தாயிற்று, ஆண்டவர் கொலராடோவில் கதவு திறந்திருக்கிறார் என்று எழுதினான். சாமான் ஏற்றிய அன்று நெல்டா அந்த வழியாக பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். மேரிபெத் தனியாக நின்று லாரிக் கதவின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நெல்டா இறங்கிப் போய்க் கயிற்றை வாங்கி இறுக்கிக் கட்டினாள்.

"அந்தப் படம் நான்தான் எடுத்தேன்" என்றாள் மேரிபெத்.

"தெரியும்."

"இங்க பொம்பளைங்க வீட்டுக்கு வந்துட்டே இருந்தாங்க. உள்ளே கூப்பிட வேண்டாம்னு அவர் சொல்லிட்டார். மூணு வருஷமா நான் யார்கூடவும் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினதில்ல." சொல்லும்போதே அவள் உதடு கோணியது.

"பேசியிருக்கலாம். பெருசா ஒண்ணும் தேறியிருக்காது. ஆனா ரொட்டி நல்லா இருக்கும்" என்றாள் நெல்டா. அதற்கு மேல் கருணை காட்ட அவளுக்குத் தெரியாது. முடிச்சை மட்டும் இன்னொரு முறை போட்டாள்.

தீவனக் கடையை ஃபாபியான் எடுத்துக்கொண்டான். பகலில் ஆலையில் வான்கோழிக் கழுத்தறுக்கும் கத்தி, ஞாயிறு அதே கையில் பைபிள். நீல விளக்கைக் கழற்றிவிட்டு குழல் விளக்குப் போட்டார்கள். ஆறு மாதத்தில் எழுபது பேர், ஒரு வருஷத்தில் உட்கார இடமில்லை. ஊர்க்காரர்கள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வார்டுப் பெண்கள் ரொட்டி கொண்டுபோனார்கள். எடெல்மிரா அதை வாங்கி, பதிலுக்குச் சோளமாவில் அவித்த தமாலி ஒரு பானை கொடுத்தனுப்பினாள். அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்து நெல்டா பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கோடையில் எடெல்மிரா வந்து கேட்டாள். நீர்த்தேக்கத்தில் ஞானஸ்நானம், பதினாலு பேர், சபைக்கு ஒரு பழைய வேன் இருக்கிறது, ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் இல்லை.

"ஓட்டுறேன். ஆனா எனக்குக் கைதட்டக் கூடாது, என்னைக் கட்டிப்பிடிக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது" என்றாள் நெல்டா.

"உங்களை யார் எடுக்கப்போறா?" என்றாள் எடெல்மிரா.

நெல்டாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கரையில் வேனை நிழலாகப் பார்த்து நிறுத்தினாள். கொசுவுக்காக ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஆலை உடுப்போடேயே சிலர் தண்ணீரில் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் முங்கி எழுந்ததும் கரையில் இருந்தவர்கள் பாடினார்கள். பாட்டு நீளமாக இருந்தது, ஒவ்வொருவருக்கும் முழுப் பாட்டு. ஃபாபியான் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி வேனைப் பார்த்துக் கையசைத்து, நீங்களும் வாங்களேன் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

நெல்டா கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாள். "தண்ணி ஜில்லுன்னு இருக்கும். நீ சீக்கிரம் முடி, பிள்ளைங்களுக்குப் பசிக்குது" என்று கத்திவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள்.